வலப்பக்கம் வந்த படகு

நீச்சல் டீச்சருக்குக் கோச் மேல் மனசு போன விஷயம் அவளுடைய அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கை வீசவும் மூச்சு வாங்கவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிட, பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவனும் கேலிக்கு அப்படியே கூப்பிட ஆரம்பித்தான். நாளடைவில் கேலி போய்விட்டது, கூப்பிடுவது மட்டும் நிலைத்துவிட்டது. இருவருக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பேச்செல்லாம் ஒழுகும் குழாய், தீர்ந்துபோன சோப்பு, மாடி வீட்டுக்காரர் போடும் சத்தம் என்று ஓடியது. அவன் கிரீஸ் வாசத்தோடு வருவான், குளிப்பான், சாப்பிடுவான், படுத்தால் அடுத்த நிமிஷம் குறட்டை. போதாக்குறைக்கு தண்ணீர் என்றாலே அவனுக்கு ஆகாது. படகைத் தூரத்தில் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும்.

அப்படி இருக்கையில்தான் புதிதாக ஒரு கோச் குளத்துக்கு வேலைக்கு வந்தார். பிள்ளைகள் போன பிறகு அவள் தனியாக நீந்துவதைக் கரையில் நின்று பார்த்தவர், "நீ குளத்துக்குப் பொறந்தவ இல்ல, கடலுக்குப் பொறந்தவ" என்றார். அவளிடம் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனாளா மிதந்து போனாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன் பிறகு எல்லாம் தலைகீழ். கண்ணாடி முன்னால் நேரம் போனது. போன் அதிர்ந்தால் நெஞ்சும் அதிர்ந்தது. ஒருநாள் கை வீச்சைத் திருத்துகிறேன் என்று அவர் அவள் தோளைப் பிடித்தார். திருத்திய பிறகும் அந்தக் கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கணத்தை வைத்துக்கொண்டு அவள் மனசுக்குள் முழு வீடே கட்டிவிட்டாள். இந்த வீட்டை விட்டுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள்.

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எனக்குப் புது உசுரு வந்த மாதிரி இருக்குக்கா."

"வந்திருக்கறது உசுரு இல்லடி, காய்ச்சல்" என்றாள் அக்கா. "இறங்கற வரைக்கும் பெட்டிய எடுக்காத."

கோச்சிடம் ஒரு திட்டம் இருந்தது. எதிரே தெரியும் தீவிலிருந்து கரை வரை, கலங்கரை விளக்கத்தைக் குறிவைத்து அவள் நீந்திக் கடக்க வேண்டும். அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதைச் செய்ததில்லை. கூடவே நடுவரை ஏற்றிக்கொண்டு ஒரு படகு வரும். ஆனால் நீந்துகிறவள் படகையோ அதில் இருக்கும் ஆளையோ தொட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. நடுவர் கைக்கொடியைக் காட்டிவிடுவார்.

முதல் தடவை அவள் இறங்கியபோது கோச் படகின் முனையில் உட்கார்ந்திருந்தார். மூச்சுக்குத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவரைத் தேடினாள். பாதி நேரம் அவர் போனில் இருந்தார். உச்சிவெயில் ஏறும் நேரத்தில் நீரோட்டம் திரும்பியது. இடது தோள் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. முடியவில்லை என்று அவள் கத்தியபோது அவர் குனிந்து, "இவ்ளோ தூரம் வந்துட்டு என் பேரைக் கெடுக்காத" என்றார். தோள் கேட்கவில்லை. அவள் படகைப் பிடித்தாள். கொடி ஏறியது. கரை சேரும் வரை அவர் அவளிடம் பேசவே இல்லை. பத்திரிகைக்காரர்களிடம் மட்டும் போனில் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தசை கிழிந்திருந்தது. கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். கோச் ஒரு தரம் வந்து பழத்தைக் கொடுத்துவிட்டு வாசலோடு போனார். பிறகு போன் குறைந்தது. வேறு ஊரில் ஓட்டப்பந்தய அணி ஒன்றுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவருக்கு ஜெயிக்கிறவர்களைத்தான் பிடிக்கும், அவ்வளவுதான்.

அவர் போனதுகூட அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது, அவரைப் பற்றி நினைத்தே பல நாளாகிவிட்டது என்பது திடீரென்று உறைத்தது. அவர் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வரவில்லை. இதற்காகவா பெட்டியைத் தூக்கப் பார்த்தோம் என்று வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, வாயிலிருந்த நுரை கண்ணாடியில் தெறித்தது.

அந்த நாட்களில் அவளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டியது கணவன்தான். எஞ்சின் பாகத்தைக் கழுவுகிற மாதிரி காதுக்குப் பின்னால், பிடரியில், ஒரு இடம் விடாமல் அழுத்தித் தேய்ப்பான். பின்னல் மட்டும் கோணிக்கொண்டு போகும். அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவான். அதுவும் கோணும். ஒருநாள் அப்படிப் பின்னிக்கொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே அவள் சொல்ல ஆரம்பித்தாள். கோச் என்ற வார்த்தையைத் தாண்டவில்லை.

"தெரியும்" என்றான் அவன். சீப்பு நிற்கவில்லை.

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லணும். உனக்கு அது வராது, திக்குவ." கோணிய பின்னலை அவிழ்த்து மறுபடி ஆரம்பித்தான். "கோபம் இல்லாம இல்ல. வேலை முடிஞ்சும் பஸ்ஸுக்கு அடியிலயே கெடந்தேன். வெளிய வந்தா உன்னை ஏதாவது சொல்லிடுவேனோன்னு பயம்."

அவள் அழுதாள். அவனும் மூக்கை உறிஞ்சினான். பின்னல் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கோணல். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், சில நாள் அவள். ஆனால் ஒருவரிடம் ஒருவர் மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதில் வீட்டுக்குள் காற்று வர ஆரம்பித்தது.

தோள் ஆறியதும், மறுபடி கடலில் இறங்கப் போகிறேன் என்றாள். படகில் யார் வருவார்கள் என்று கேட்டான்.

"நீதான்."

அவன் முகம் வெளுத்தது. "வாந்தி எடுப்பேன்."

"எடு."

அதிலிருந்து விடுமுறை நாளெல்லாம் அவன் துறையில் கட்டிக் கிடக்கும் படகில் போய் உட்கார்ந்தான். முதலில் கட்டிய கயிற்றோடு, பிறகு அவிழ்த்துவிட்டு. படகுக்காரர் வயசானவர், பொறுமைசாலி. இப்படி ஒரு ஆள் வாந்தி எடுக்கவென்றே வருவதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று துறை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

குறித்த நாளில் விடிந்ததும் தீவிலிருந்து கடலில் இறங்கினாள். உப்பு அறுக்காமல் இருக்க உடம்பெல்லாம் வாசலின். அவள் வலப்பக்கம் திரும்பித்தான் மூச்சு வாங்குவாள். அதனால் படகு வலப்பக்கமாகவே வந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கணவன் முகம் தெரிந்தது. பச்சை பாய்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நீளக் கழியில் டம்ளரைக் கட்டி வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் நீட்டினான். பேச்சு காதில் விழாது என்பதால் சிலேட்டில் எழுதிக் காட்டினான். "உங்கக்கா போன். செத்தியா இருக்கியான்னு கேக்கறா" என்று ஒருமுறை காட்ட, அவள் சிரித்து ஒரு வாய் உப்புத் தண்ணீரைக் குடித்தாள்.

கொழகொழவென்று மிதந்து வந்த சொறிமீன்கள் கழுத்தில் சாட்டை போலக் கோடு இழுத்தன. கடந்தாள். பிறகு அதே நீரோட்டம் வந்தது. கை வீச வீசக் கலங்கரை விளக்கம் கிட்டே வராமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போனது. இடது தோளில் பழைய நெருப்பு லேசாகக் கனிந்தது. அவள் நின்று மிதந்தாள். பல் கிடுகிடுத்தது. முடியல என்றாள்.

அவன் படகின் விளிம்பில் குப்புறப் படுத்து அவள் முகத்துக்குக் கிட்டே குனிந்தான்.

"கையை நீட்டட்டுமா? பிடிச்சுக்க, வீட்டுக்குப் போலாம். எனக்கு ஒரு குறையும் இல்ல. இல்லன்னா இன்னும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணி தர்றேன். நீ எது சொன்னாலும் சரி."

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. கரை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இந்த ஆள் நாளைக்கும் அவள் தலையைத் தேய்த்துவிட்டு, பின்னலைக் கோணலாகப் பின்னத்தான் போகிறான். இவனிடம் தோற்றுப்போவதற்கு ஒன்றுமே இல்லை. அது புரிந்த மாத்திரத்தில் உடம்பிலிருந்து ஏதோ பாரம் கழன்று ஆழத்துக்குப் போனது.

"தண்ணி" என்றாள்.

குடித்தாள். டம்ளரை விட்டாள். குப்புற விழுந்து கையை வீசினாள். வலிக்குப் பயந்து பதுங்கிய கை இல்லை இப்போது. நீரோட்டத்தை முறித்து, குறுக்கே வெட்டி, ஒவ்வொரு வீச்சிலும் கடலைப் பின்னால் தள்ளினாள். படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார். நடுவர்கூடக் கொடியை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார். தண்ணீரின் நிறம் மாறியது. அடியில் மணல் தெரிந்தது. விரல் மணலைத் தொட்டது.

யாரும் தொடக் கூடாது, தானே நடந்து ஏற வேண்டும். எழுந்தாள், விழுந்தாள், தவழ்ந்தாள், மறுபடி எழுந்தாள். அலை தொடாத காய்ந்த மணலில் இரண்டு காலையும் ஊன்றி, இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். பழுதான தோளும் காதைத் தாண்டி நிமிர்ந்தது. நடுவரின் விசில் நீளமாக ஒலித்தது. கரையில் காத்திருந்த குளத்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பறவைகளெல்லாம் கிளம்பிப் பறந்தன. அக்கா அழுதுகொண்டே துண்டோடு ஓடி வந்தாள்.

கணவன் படகிலிருந்து இறங்கித் தள்ளாடி வந்தான். நீந்திக் கடந்தவள் நேராக நின்றாள். உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் கால் நிற்கவில்லை. அவள் ஓடிப்போய் அவனைத் தாங்கிப் பிடித்தாள். இனி யாரை வேண்டுமானாலும் தொடலாம். அவள் உடம்பு வாசலினெல்லாம் அவன் சட்டையில் அப்பியது.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"பசிக்குது" என்று சொல்லி, ஊரே பார்க்க அவன் கன்னத்தில் உப்போடு ஒரு முத்தம் வைத்தாள்.