இல்லா இல்லா இல்லா

வெளிமாநிலத்தில் வேன் ஓட்டுகிற அக்காவுக்கு வழியில் ஃபேன் பெல்ட் அறுந்துபோனது. உதிரிபாகக் கடை கவுன்டரில் நின்றபடி, மெக்கானிக்கான தம்பியிடம் ஃபோனில், "இது இல்லடா, அதுவும் இல்ல" என்று பேசிக்கொண்டிருந்தாள்.

கவுன்டர்க்காரனுக்கு வாய்க்கொழுப்பு. தலையைப் பொம்மை மாதிரி ஆட்டி, "இல்லா இல்லா இல்லா" என்று பழிப்புக் காட்டினான். பக்கத்தில் நின்ற கடைப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி ஒரு பாஷை!" என்று தங்கள் மொழியில் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த மொழியை அக்கா கரைத்துக் குடித்தவள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஃபோனை வைத்துவிட்டு, அறுந்த பெல்ட்டைக் கவுன்டரில் போட்டாள்.

"இதே மாதிரி ஒண்ணு எடுப்பா" என்றாள், தமிழில்.

அவன் திருதிருவென்று முழித்தான். தன் மொழியில் என்னென்னவோ கேட்டான். அவள் தமிழைவிட்டு இறங்கவே இல்லை. ஒரு பெல்ட் வந்தது.

"இது இல்ல."

ஏணி போட்டு ஏறி இன்னொன்று எடுத்தான்.

"இதுவும் இல்ல."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். சிரித்தவன் சரக்கறைக்கு ஓடினான். கடைசியில் கவுன்டர்க்காரன் வேர்த்து விறுவிறுத்து ஒரு பெல்ட்டை நீட்டி, தலையை ஆட்டாமல், பயந்த குரலில் கேட்டான்: "இல்ல?"

அச்சு அசல் அதே பெல்ட். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவன் மொழியிலேயே, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள்:

"இதேதான். அடுத்த கடையில வாங்கிக்கிறேன்."