எட்டுக் கால் பட்டுப்பூச்சி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. சிரிக்கத்தான் நினைத்தேன்.

வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விடைத்தாள் திருத்தும்போது அகப்படுகிற வேடிக்கைப் பதில்களை நசீமாவுக்குப் போனில் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நசீமா அடி அண்ணாமலையில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். இப்போது ஆம்பூரில் இருக்கிறாள். இந்தக் காலாண்டுத் தேர்வின்போதும் சொன்னேன்.

"கேளுடி. பட்டுப்பூச்சிக்கு எத்தனை கால்னு கேட்டா ஒருத்தி எட்டுனு எழுதி வெச்சிருக்கா. அதோட விட்டாளா? முன்னாடி ரெண்டு காலையும் கை மாதிரி நீட்டித் தடவிப் பாக்குமாம். மழை பெஞ்ச மறுநாள் மண்ணுக்குள்ள இருந்து வருமாம்!"

நசீமா சிரிக்கவில்லை. "நீ இன்னா பண்ண?" என்றாள்.

"செவப்புல ஒரு கோடு, சைபர். பூச்சின்னாலே ஆறு கால்தானே."

"அடிப்பாவி! அவ சொல்றது நம்ம பட்டுப்பூச்சிடீ. செவப்பா, வெல்வெட்டு மாதிரி, தீப்பெட்டில வெச்சிருப்போமே. நீதானே கால் எண்ணுவ?"

போனை வைத்துவிட்டு அந்த விடைத்தாளைத் தேடி எடுத்தேன். பெயர்: எழிலரசி. பதிலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. அதன் கீழே என் கையெழுத்தில், "கற்பனை செய்யாதே."

2

முதல் தொடக்கம்: "வேணு சார் மகா கண்டிப்பானவர். அவர் வகுப்பில் ஈ கூட அனுமதி கேட்டுவிட்டுத்தான்…"

இப்படியே நான்கு பக்கம் ஓடியது. வேணு சாருக்கு மீசை வைத்தேன். கிரிவலப் பாதையில் ஒரு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு குழந்தையின் பதிலைக் கோடு போட்டு அடிக்கிற இடம் வந்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவரெல்லாம் ஒரு வாத்தியாரா என்று வாய்விட்டே திட்டினேன். பிறகுதான் உறைத்தது. அந்த மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது நான்தான். வேணு சாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "மழை ஓய்ந்த செம்மண்ணில் இயற்கை அன்னை தன் குங்குமச் சிமிழைத் தவறவிட்டதுபோல்…"

அன்னையாவது, சிமிழாவது. நிறுத்து.

மூன்றாம் தொடக்கம்: "நான் எழிலரசிக்குச் சைபர் போட்டேன்."

இதில் அழகு ஒன்றும் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

3

பட்டுப்பூச்சி* என்றால் எனக்கு ஆவணி மழை. முதல் நாள் மழை கொட்டியிருக்கும். மறுநாள் பள்ளிக்குப் போகிற வழியில் மல்லாட்டைக் கொல்லையின் வரப்பில் சிவப்புச் சிவப்பாக ஊர்ந்துகொண்டிருக்கும். (நிலக்கடலை என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அப்படி எழுதினால் அது வேறு யாருடைய கொல்லையோ ஆகிவிடுகிறது.)

> * பாடப்புத்தகத்துப் பட்டுப்பூச்சிக்குச் சிறகு உண்டு, கால் ஆறு. பட்டு நூல் அதன் கூட்டிலிருந்து வருவது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பட்டுப்பூச்சி என்பது மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, தொட்டால் பட்டாக இருக்கிற ஒன்றை. சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், கால் எட்டு. பெயர் ஒன்று, உயிர் இரண்டு. கேள்வித்தாள் தயாரித்தவருக்கு இது தோன்றவில்லை. தயாரித்தவர் நான்.

நசீமா கேள்வி கேட்பாள், நான் எண்ணுவேன். அதுதான் எங்கள் ஏற்பாடு. "இது எங்க தூங்கும்? மழை வந்துச்சுனு இதுக்கு யாரு சொன்னது? தொட்டா ஏன் காலை மடக்கிக்குது, வெக்கமா?" எங்களிடம் பதில் இல்லை, வீட்டில் கேட்டால் அவர்களிடமும் இல்லை. "பாம்பு கீம்பு இருக்கும், பாத்துப் போங்க" என்பதோடு சரி. ஒருநாள் டவுன் பையன் ஒருவன், மலைக்குப் பின்பக்கம் இருக்கிற உங்கள் ஊரில் அதன் முதுகுதான் தெரியும் என்று சொல்லிவிட்டான். நசீமாவுக்கு வந்ததே கோபம்! முகம் எந்தப் பக்கம் என்று பார்க்க அந்த ஞாயிற்றுக்கிழமை மலையைப் பாதி சுற்றினோம். எங்கள் பக்கம்தான் என்று முடிவு செய்துவிட்டு வந்து உதை வாங்கினோம்.

(கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ? காலில் ஏறிய முள்ளை விட்டுவிட்டேன். பழைய நாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வெயில் தானாகவே கம்மியாகிவிடுகிறது.)

அந்த நாட்கள் எனக்குத் திரும்ப வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ஏக்கமாக இருக்கிறது. ஆனால் ஏக்கத்தைவிட ஆத்திரம் ஜாஸ்தி. உள்ளங்கையில் வைத்து அந்தக் கால்களை எண்ணிய ஒருத்தி எப்படி அதை மறந்து, எண்ணிப் பார்த்த இன்னொருத்தியிடம் போய்க் கற்பனை செய்யாதே என்று…

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

4

மதிப்பெண்ணைத் திருத்துவது சுலபம். திருத்தினேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும், "எழிலரசி எழுதினதுதான் சரி, மிஸ்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றும் சொன்னேன். "சரிங்க மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

முன்பெல்லாம் ஓணான் ஏன் தலையாட்டுகிறது, எறும்பு செத்துப்போனால் மற்ற எறும்பு எங்கே தூக்கிப் போகிறது என்று பாடத்தின் நடுவே கை தூக்குவாள். "அப்புறம் சொல்றேன்" என்பேன். ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அவள் கை தூக்குவதே இல்லை. கேட்டால் புத்தகத்தில் இருக்கிற வரியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறாள்.

பெற்றோர் கூட்டத்தன்று அவள் அம்மா கஸ்தூரி வந்தார். அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறவர். வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் டீச்சர். முன்னலாம் ஸ்கூல் விட்டா கொல்லையிலதான் கெடப்பா. அது இன்னா, இது ஏன்னு உயிரை வாங்குவா. நீங்க பேப்பர்ல எழுதினதுல இருந்து அந்தப் பேச்சே இல்ல. புக்கும் கையுமா ஒக்காந்துட்டா. நல்லா அடங்கிட்டா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நான் போட்ட மார்க்குதான் தப்பு" என்றேன்.

"பெரிய மனசு டீச்சர் உங்களுக்கு. இருந்தாலும் பரிட்சைனு வந்தா ஆறுனுதானே எழுதணும்?"

நான் பேச்சை மாற்றி, அடுத்த சனிக்கிழமை அவளைக் கொல்லைக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன்.

"ஸ்பெஷல் கிளாஸுங்களா?"

"ஆமாங்க," என்றேன். பொய்தான். வேறெப்படிச் சொன்னாலும் அனுப்பியிருக்க மாட்டார்.

5

சனிக்கிழமைக்கு முன்பே கதைக்கு முடிவு எழுதிவைத்தேன். அவசரக்காரி.

(அ) பூச்சியைப் பார்த்ததும் எழிலரசி துள்ளிக் குதித்து ஓடுகிறாள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். என் மனசாட்சிக்கு ரொம்ப வசதியான முடிவு.

(ஆ) இருபது வருடம் கழித்து அவள் பெரிய விஞ்ஞானி. பேட்டியில் என் பெயரைச் சொல்கிறாள். இதை எழுதும்போதே கூச்சமாக இருந்தது, கிழித்துப் போட்டேன்.

(இ) நசீமா ஆம்பூரிலிருந்து வருகிறாள், மூன்று பேருமாக… அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

6

வெள்ளிக்கிழமை நல்ல மழை. சனிக்கிழமை காலை எழிலரசி கொல்லை வரப்பில் காத்திருந்தாள், பள்ளிச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு, நோட்டும் பேனாவுமாக. ஸ்பெஷல் கிளாஸ் அல்லவா.

நான்தான் ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை சேற்றில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து குனிந்து தேடினேன். அரைமணி நேரம் கழித்து ஒன்று கிடைத்தது. "எழில், இங்க வா, இங்க வா!" என்று கத்தினேன். அவள் சேறு படாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள்.

என் உள்ளங்கையில் அது காலை மடக்கிக் கிடந்தது. மெல்ல விரித்தது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி என் ரேகையைத் தடவிப் பார்த்தது. அவள் எழுதியிருந்தாளே, அதேதான். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. சந்தோஷம் என்று எழுதத்தான் ஆசை, நிச்சயமாகத் தெரியவில்லை. அதற்குள் அது போய்விட்டது.

"எண்ணு கண்ணு," என்றேன்.

அவள் பூச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பேனா மூடியைத் திறந்தாள்.

"மிஸ், புக்குல இருக்கற மாதிரி எண்ணணுமா, இதுல இருக்கற மாதிரி எண்ணணுமா?"

இந்த இடத்தில் எட்டு நாளாக நிற்கிறேன். "இதுல இருக்கற மாதிரி" என்று எழுதிப் பார்த்தேன். எண்ணிவிடுவாள். எட்டு என்றும் எழுதுவாள், நான் சொன்னேன் என்பதற்காக. "உன் இஷ்டம்" என்று எழுதினேன். எது என் இஷ்டம் என்று என் முகத்தில் தேடுகிறாள். ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தும் பார்த்தேன். அவளும் சும்மா இருக்கிறாள்.

என்னிடம் இதற்கு மேல் வாக்கியம் இல்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும், இல்லாவிட்டால் நீங்களே ஒரு காலத்தில் பிள்ளையாக இருந்திருப்பீர்கள், நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ள அவள் தயாராக நிற்கிறாள்.