ஊதிக் கொடுத்த கிண்ணம்

கிஸ்ஸா தேடியது ஒரு சினிமாப் படத்தை. படத்தின் பெயர் தெரியாது, நடிகர் பெயர் தெரியாது. சீனாக்காரர்கள் மாதிரி இருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அது மட்டும் கையில் கிடைத்தால் ஒரு ஆளின் மூக்கை உடைக்கலாம் என்பது நன்றாகத் தெரியும். அதற்காகவே உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு படக்கடை விடாமல் ஏறி இறங்கினாள்.

அந்த ஆள் விஜே கிபுயாகா. விஜே என்றால் கலெர்வே பேட்டையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வீடியோ கொட்டகையில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளூர் லுகாண்டா மொழியில் கதை சொல்கிறவன். படத்தில் இருப்பவன் பேசுவது ஒன்று, இவன் சொல்வது வேறொன்று. சிரிப்பு வந்தால் போதும், யாருக்கும் கவலையில்லை. வில்லனுக்குப் பக்கத்துத் தெரு கறிக்கடைக்காரன் பேரை வைப்பான். குதிரையிலிருந்து விழுகிறவனுக்குத் தேர்தலில் தோற்றவன் பேரை வைப்பான். பேர் மாட்டியவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவான்.

கிஸ்ஸாவின் அம்மாவால் அப்படிப் போக முடியவில்லை. இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊருக்கு அவள் நாலோங்கோ. கொட்டகை வாசலில் வாழைப்பழத்தையும் மரவள்ளி மாவையும் பிசைந்து கபலகலா பொரித்து விற்றாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கடைசி நாளில் முலுலுசா இலையைக் காய்ச்சி, அந்தக் கசப்புக் கஷாயத்தைத் தன் கையாலேயே அவனுக்குக் கொடுத்திருந்தாள். துக்கம் ஆறுவதற்குள் கிபுயாகா ஒரு சாயங்காலம் வந்து கதவைத் தட்டினான். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நாலோங்கோ பாத்திரம் கழுவிய தண்ணீரை அவன் தலையில் கொட்டி அனுப்பினாள்.

அடுத்த வாரம் கொட்டகையில் ஒரு படம். ஒருத்தி புருஷனுக்குக் கிண்ணத்தில் எதையோ கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டுக் கண்ணை மூடுகிறான். கிபுயாகா மைக்கில் சொன்னான்: “பாருங்கப்பா நம்ம நாலோங்கோவ. கபலகலா சுடுற கையாலயே விஷம் கலக்குறா. குடி ராசா குடி, குழி வெட்டியாச்சு.”

கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. பதினோரு வயது கிஸ்ஸா முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். பாதிப் படத்தோடு கேசட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி விளக்கைப் போட்டுவிட்டான் அந்தப் புண்ணியவான். பிறகு அவன் பேச்சையும் சேர்த்துப் பதிந்த கேசட் நகல் நகலாகப் பேட்டை பேட்டையாகப் போனது. சிரித்துக்கொண்டு கேட்ட பொய்யை ஊர் எப்படி நம்பும் என்று என்னைக் கேட்காதீர்கள், நம்பியது. நாலோங்கோவின் கபலகலாவை ஒருவரும் தொடவில்லை. அவளுடைய கொழுந்தன் கலூலேவுக்கு அண்ணன் வீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு கண். “விஷம் வச்சவளே, வெளிய போ” என்று வீட்டைப் பிடுங்கிக்கொண்டான். அண்ணன் கல்லறைப் பக்கம் வந்தால் காலை வெட்டுவேன் என்றும் சொன்னான். இன்றுவரை நாலோங்கோ புருஷன் கல்லறையில் ஒரு பூ வைத்ததில்லை.

வளர்ந்து, சொந்தமாக ஒரு முடி பின்னும் கடை போட்ட பிறகு, கிஸ்ஸா கிபுயாகாவைத் தேடிப் போனாள். அதற்குள் அவன் பெரிய மனிதனாகியிருந்தான். ரேடியோவில் எல்லாம் பேசினான்.

“அண்ணே, ரேடியோவுல ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அது நான் கட்டுன கதைன்னு. எங்கம்மா சாகறதுக்குள்ள எங்கப்பா கல்லறைக்குப் போகணும்.”

“எந்தப் படம்மா?” என்றான் கிபுயாகா, பல் குத்திக்கொண்டே. “உங்கம்மா பேர நான் சொன்னதே இல்லயே. சொன்னேன்னா படத்தக் கொண்டா. மேடையில வச்சே பதில் சொல்றேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பேர் தெரியாத படத்துக்கு வழக்குப் போட வந்துட்டா பாரு என்றான் ஒருவன். கிஸ்ஸாவுக்குக் காது மடல் எரிந்தது. அம்மாவிடம் சொன்னபோது, “விடுடி, அவன் வாய் அழுகிப் போகும்” என்றாள் நாலோங்கோ. அழுகுகிற வரை காத்திருக்க கிஸ்ஸாவால் முடியாது.

பழைய கேசட்டுகள் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போயிருந்தன. எந்தக் கடைக்குப் போனாலும் அவள் ஒன்றையே கேட்டாள்: “பொண்டாட்டி புருஷனுக்கு விஷம் வைக்கிற படம்.” ஊரில் புருஷனைக் கொன்ற படத்துக்கா பஞ்சம்? சீனா, கொரியா, இந்தியா என்று அள்ளிப் போட்டார்கள். எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுடைய படம் அதில் இல்லை.

வருஷங்கள் ஓடின. ப்வாய்சே பேட்டையில் படக்கடை வைத்திருந்த லுபேகாதான் கடைசியில் எரிச்சலோடு சொன்னான். “அக்கா, அந்தக் கிபுயாகா சொன்ன கதைய என்கிட்ட ஒப்பிக்காத. அத விடு. நீ கண்ணால என்ன பாத்த?”

கிஸ்ஸா கண்ணை மூடி யோசித்தாள். வானத்திலிருந்து சோள மாவு கொட்டிய மாதிரி இருந்தது. அது பனி என்று பிறகுதான் தெரிந்தது. சிவப்புக் கதவு. படத்தில் இருந்தவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கிஸ்ஸா அதை நடித்தே காட்டினாள். கிண்ணத்தை வாயருகே கொண்டுவந்தாள், ஊதினாள், பிறகு நீட்டினாள்.

லுபேகா அவளையே பார்த்தான். “விஷம் வைக்கிறவ ஆற வச்சு, ஊதியா குடுப்பா? நாக்கு வெந்துரும்னு அவளுக்கென்ன கவல?”

கிஸ்ஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பொய்யை நம்பி இத்தனை வருஷம் அவளும் இல்லாத ஒரு படத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்ற மகளே அந்தக் கதையைக் கடை கடையாக ஒப்பித்திருக்கிறாள். அந்த நினைப்பில் கிபுயாகா மேலிருந்த கோபம் இன்னும் ஒரு மடங்கு ஏறியது.

மருந்து கொடுக்கிற படம் என்றதும் லுபேகா ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். முழுப் படம், ஒரே டிவிடித் தட்டில், கீழே ஆங்கில எழுத்து ஓடியது. கிஸ்ஸா கடைசி வரை பார்த்தாள். பிறகு தட்டைத் துணியில் சுற்றி, கிபுயாகாவின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காகக் காத்திருந்தாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அதே கலெர்வே கொட்டகையில். கூட்டம் நெருக்கியடித்தது. முன்வரிசையில் கிபுயாகாவின் மனைவி பளபளக்கும் கொமேசி அங்கியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் கொழுந்தன் கலூலே. அவனுக்குப் பக்கத்து இருக்கையில் கிஸ்ஸா தன் அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். கலூலே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

யார் என்ன படம் கொடுத்தாலும் அந்த இடத்திலேயே பேசிக் காட்டுகிறேன் என்று கிபுயாகா மார்தட்டினான். கிஸ்ஸா மேடைக்குப் போய்த் தட்டை நீட்டினாள்.

“கொண்டான்னு சொன்னீங்க. கொண்டாந்துட்டேன்.”

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சிவப்புக் கதவு திரையில் வந்ததும் தெரிந்துவிட்டது. குரல் ஒரு நிமிஷம் தடுமாறியது. கெட்டிக்காரன், சமாளித்துக்கொண்டு, “இதோ ஒரு நல்ல பொம்பள, புருஷனுக்கு சூப்பு குடுக்கறா” என்று ஆரம்பித்தான்.

“சூப்பு இல்லய்யா” என்று பின்னாலிருந்து ஒரு கிழவன் கத்தினான். “அது நாலோங்கோ. மறந்துட்டியா?” இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான், “குடி ராசா குடி.” பாதிக் கொட்டகை சேர்ந்து முடித்தது, “குழி வெட்டியாச்சு.” அவர்கள் அவனுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

கிபுயாகா மைக்கைக் கீழே இறக்கினான். சொன்னதே இல்லை என்ற பொய்யை அவனுடைய ரசிகர்களே போட்டு உடைத்துவிட்டார்கள். கிஸ்ஸா அவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

“படம் இன்னும் முடியல” என்றாள். “இவரு விளக்கப் போட்ட எடத்துக்கு அப்புறமும் இருக்கு. பாருங்க.”

திரையில் பொழுது விடிந்தது. செத்தவன் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தான். அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் விஜே தேவைப்படவில்லை.

அந்தச் சிவப்புக் கதவுக்கு வெளியே ஒரு தொந்திக்காரன் பதுங்கி நின்றான். படத்தில் அவன் ஏதோ வரி வசூலிக்கிறவன். கிஸ்ஸா அவனை விடுவாளா?

“இது யாரு தெரியுதா? நம்ம கிபுயாகா. புருஷன் செத்த வீட்டுக் கதவத் தட்ட வந்திருக்காரு. நாலோங்கோ இவர் தலையில பாத்திரம் கழுவுன தண்ணிய ஊத்துனா. அந்த வயித்தெரிச்சல்லதான் இவரு விஷம்னு சொன்னாரு. தொரத்துங்க பன்றிய.” திரையில் தொந்திக்காரன் வழுக்கிச் சாக்கடையில் விழுந்தான். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. எல்லார் கையிலும் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கிபுயாகா மைக்கைப் பறிக்க வந்தான். “உக்காருய்யா, கத கேக்கணும்” என்று கூட்டம் அதட்டியது. அவன் மனைவி எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். கிஸ்ஸாவுக்கு அதைப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது, கொஞ்சமும் பாவமாக இல்லை.

கலூலே மெல்ல நழுவப் பார்த்தான். நாலோங்கோ அவன் சட்டைக் கையை எட்டிப் பிடித்தாள்.

“உக்காருங்க தம்பி. ஏ கிஸ்ஸா, மறுபடியும் போடு. இவங்க அண்ணன் எந்திரிச்சு வர்றத இவரு சரியாப் பாக்கல.”