பன்னிரண்டு பாட்டுத் தெரிந்தவள்

வியாழக்கிழமைதான் லுனிங்னிங்குக்கு விஷயம் தெரிந்தது. ஞாயிறு மூன்று மணிக்குப் பாடகி டெல்ஃபினா வில்லாரூஸை வானொலியில் நேரலையாகப் பேட்டி எடுக்க வேண்டும். வழக்கமாக அந்த நிகழ்ச்சியை நடத்துபவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிலையத் தலைவர் போன்ஸோ, நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த இவளைக் கூப்பிட்டு, "நீ பண்ணு, நிங். நல்லா வந்துச்சுன்னா ஜூன்லேருந்து அந்த ஒரு மணி நேரம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக அவள் வாய்விட்டுக் கேட்கத் துணியாத ஒரு மணி நேரம் அது.

டெல்ஃபினாவை அவளுக்கு ஒரே ஒரு கேசட் அளவுக்குத்தான் தெரியும். புகழ்பெற்ற பன்னிரண்டு பாடல்களைப் பொறுக்கிச் சேர்த்த கேசட். லுசேனா பஸ் நிலையத்துக் கடையில் வாங்கியது. கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடிந்த அமைதியிலேயே அடுத்த பாட்டின் முதல் சுரம் அவள் காதில் விழுந்துவிடும். வேறு எங்காவது அதே பாட்டுக்குப் பிறகு விளம்பரம் வந்தால், இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் தடுமாறுவாள். அதை ரசனை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"பன்னிரண்டே பாட்டா?" ஒலிப்பதிவுக் கருவிகளைக் கவனிக்கும் தெம்யோங் சிரித்தார். டெல்ஃபினாவின் ஒன்பது இசைத்தட்டுகளும் அவரிடம் இருந்தன. "சுட்ட பன்னி, லெச்சோன் வெட்டுற இடத்துக்குப் போயி, மொறுமொறுன்னு இருக்கிற தோலை மட்டும் பிச்சுத் தின்னுட்டு, முழுப் பன்னியையும் சாப்பிட்டேன்னு ஊர்ல சொல்ற மாதிரி இருக்கு."

"தோலுக்குத்தானே குயா எல்லாரும் அடிச்சுக்கிறாங்க?" அண்ணன் முறை வைத்து 'குயா' என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"இந்த வாயை அந்தம்மாகிட்ட காட்டிடாதே. நாகா வானொலில ஒருத்தன் இப்படித்தான், திரும்பத் திரும்ப அந்தப் பன்னிரண்டையே கேட்டிருக்கான். பாதியில ஹெட்ஃபோனைக் கழட்டி மேஜைமேல வச்சிட்டு எழுந்து போயிட்டாங்களாம். நேரலைல! அவன் இப்போ மீன் ஏலத்துல கூவிக்கிட்டிருக்கான்."

ஏலக்காரன் கதை அவர் சேர்த்த மசாலாவாக இருக்கலாம். ஆனாலும் அன்று மாலை அவள் ஒன்பது தட்டுகளையும் இரவல் வாங்கிக்கொண்டு போனாள். நோட்டில் கோடு போட்டு, ஆண்டு, பாட்டு, முதல் வரி, எழுதியவர் என்று நூற்று மூன்று பாடல்களையும் குறித்தாள். பரீட்சைக்குப் படிப்பதுபோல் கேட்டாளே தவிர, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எழுதிய பட்டியலை கேசட்டோடு ஒப்பிட்டபோது ஒன்று உறுத்தியது. மற்ற எட்டுத் தட்டிலிருந்தும் ஒன்றோ இரண்டோ கேசட்டுக்கு வந்திருந்தன. ஐந்தாவதிலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் தெம்யோங்கிடம் கேட்டாள்.

"கம்பெனிக்காரனுக்குக் காது ஏது? அந்தத் தட்டுல கடைசியா இருக்கு பாரு, 'இரண்டாவது குடை', அதைக் கேளு. அந்தம்மா அதைவிட நல்லா எப்பவுமே பாடினதில்ல. அதைக் கேட்டவன்தான் ரசிகன். மத்தவன்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம்."

கேட்டாள். மழையில் ஒருத்தி இரண்டு குடைகளோடு காத்திருக்கிற பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. தனக்கே பிடித்ததா, அவர் சொன்னதால் பிடித்ததா என்றுதான் அவளால் பிரிக்க முடியவில்லை. எப்படியோ, கேள்வி கிடைத்துவிட்டது. இதைக் கேட்டால் டெல்ஃபினா தன்னையும் கூட்டத்தில் ஒருத்தியாக நினைக்கமாட்டார்.

ஞாயிறன்று டெல்ஃபினா துணைக்கு யாருமில்லாமல் வந்தார். அறுபதைத் தாண்டிய, குட்டையான அம்மாள். கையில் வாழை இலையில் மடித்த நூடுல்ஸ் பொட்டலங்கள் இரண்டு.

"முதல்ல சாப்பிடும்மா. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? நான்தானே பயப்படணும், பேட்டி குடுக்கிறது நானாச்சே."

"அப்புறம் சாப்பிடறேன், மேடம்."

"மேடமா? டீட்டான்னு கூப்பிடு. உன் அத்தை உன்னைப் பாக்க வந்திருக்கான்னு நினைச்சுக்கோ."

லுனிங்னிங் பொட்டலத்தை நோட்டுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. டெல்ஃபினா சிரித்தார், முன்பு இந்த ஊர்த் திருவிழாவில் பாட வந்த கதையைச் சொன்னார், கேசட்டின் முதல் பாட்டில் இரண்டு வரி பாடிக் காட்டினார். லுனிங்னிங் நோட்டைப் புரட்டினாள்.

"டீட்டா, எல்லாரும் உங்க பிரபலமான பாட்டுகளைப் பத்தியே கேப்பாங்க. நான் 'இரண்டாவது குடை'யைப் பத்திக் கேக்கலாமா? நீங்க பாடினதுலேயே அதுதான் உசத்தின்னு..."

டெல்ஃபினாவின் முகத்திலிருந்து சிரிப்பு துடைத்தாற்போல் போயிற்று. கை மெல்ல மேலே எழுந்து ஹெட்ஃபோனைத் தொட்டது.

ஒரு விநாடி. இரண்டு. வானொலியில் அமைதிக்கு ஐந்து விநாடிக்குமேல் அனுமதி இல்லை. மூன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெம்யோங் ஒரு கேசட்டைத் தூக்கிக் காட்டினார். பாட்டைப் போட்டு மூடிவிடட்டுமா? ஹெட்ஃபோன் ஒரு காதைவிட்டு இறங்கிவிட்டது. நான்கு. வேண்டாம் என்று லுனிங்னிங் தலையசைத்தாள். பிறகு என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொன்னாள்.

"டீட்டா, எனக்கு உங்க பாட்டு பன்னிரண்டுதான் தெரியும். அந்த ஒரு கேசட்தான். மிச்சமெல்லாம் மூணு நாளா இரவல் வாங்கிப் படிச்சேன். உங்ககிட்ட மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பாட்டைக் கேட்டேன்."

டெல்ஃபினா அவளைப் பார்த்தார். தொண்டைக்குள்ளேயே சிரித்துக்கொண்டார்.

"மூணு நாளா? நான் பதினெட்டு வருஷமா மாட்டிக்கக் கூடாதுன்னு இருக்கேம்மா."

இறங்கிய ஹெட்ஃபோனை மறுபடி காதில் மாட்டிக்கொண்டார். மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

"அதைப் பாடினது நான் இல்ல. புதுப் பாட்டை நான் கேட்டுப் படிச்சுக்கிறதுக்கு ரோசிங்னு ஒரு பொண்ணு முன்னாடியே பாடி, டேப்புல பதிஞ்சு குடுப்பா. எல்லாத் தட்டுக்கும் அப்படித்தான் நடக்கும். அச்சு அசல் என்னை மாதிரியே பாடுவா, அதுக்குத்தானே அவளை வச்சிருந்தாங்க. அந்த வருஷம் எனக்குத் தொண்டையில ஆபரேஷன். கிறிஸ்துமஸுக்குத் தட்டு கடைக்கு வந்தாகணும். அவ டேப்பையே அப்படியே போட்டுட்டாங்க. தட்டு முழுக்க அவ. அட்டையில நான்."

தெம்யோங்கின் கையிலிருந்த கேசட் இறங்கியது.

"நாகாவுல பேட்டி எடுத்த பையன், இந்தக் குடைப் பாட்டுக்காகத்தான் உயிரோட இருக்கேன்னான். என்ன சொல்றது? நன்றின்னா? எழுந்து போயிட்டேன். பாவம், அவன்மேல என்ன தப்பு?"

"அதனாலதான் கேசட்டுல அந்தத் தட்டு..."

"பன்னிரண்டையும் பொறுக்கினது நான்தான். என் தொண்டையிலேருந்து வந்தது மட்டும் இருந்தாப் போதும்னு."

"போதுமா, டீட்டா?" யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எனக்குப் போதும். ரோசிங்குக்கு எங்க போதும்?"

வெளியே தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின. தெம்யோங்கின் அறைக்குள் வந்த போன்ஸோ, அங்கிருந்த தொலைபேசியின் ரிசீவரைக் காதில் வைத்தபடி கண்ணாடியருகே நின்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க லுனிங்னிங்குக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பாட்டைப் போடுங்க" என்றார் டெல்ஃபினா. "முழுசா. அறிவிப்பு மட்டும் ஒழுங்கா பண்ணு."

அவள் காலையில் திருப்பித் தந்திருந்த ஐந்தாவது தட்டைத் தெம்யோங் உறையிலிருந்து உருவினார். ஊசியைக் கடைசிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்.

"அவங்க முழுப்பேர் என்ன, டீட்டா?"

"ரோசாரியோ மபாந்தா." டெல்ஃபினா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மபாந்தான்னுதான் நினைக்கிறேன். பாரேன், அதைக்கூட நான் சரியாக் கேட்டு வச்சுக்கல."

லுனிங்னிங் நோட்டில் ஐந்தாவது தட்டின் பக்கத்தைத் திருப்பினாள். பாடியவர் என்று ஒரு கட்டமே அவள் போடவில்லை. போடவேண்டும் என்று தோன்றியதே இல்லை. ஓரத்தில் அந்தப் பெயரைக் கிறுக்கிவிட்டு, அதைப் பார்த்தே படித்தாள்.

"அடுத்து வருவது 'இரண்டாவது குடை'. பாடியவர் ரோசாரியோ மபாந்தா. இந்தப் பெயர் தவறாக இருந்தால், தெரிந்தவர்கள் தயவுசெய்து எங்களைக் கூப்பிட்டுத் திருத்துங்கள்."

விளக்கு அணைந்தது. பாட்டு ஓடத் தொடங்கியது. நான்கு நிமிடம் பத்து விநாடி. இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் போன்ஸோ புருவத்தை ஒருமுறை உயர்த்தி இறக்கினார். அவர்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்றுதான் அர்த்தம். ஆனால் ரிசீவர் இன்னும் அவர் காதில்தான் இருந்தது. அந்த ஆமாம் ஜூன் மாத நிகழ்ச்சிக்காகத் தனக்கா, தொலைபேசிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

டெல்ஃபினா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைவிட நல்லாத்தான் பாடியிருக்கா" என்றார்.