அவர் தாண்டிய பக்கம்

லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று ஒட்டியிருந்த காகிதம் மஞ்சளேறிப் போயிருந்தது. பழுது இன்று நேற்றையதல்ல என்று சக்கர நாற்காலியிலிருந்த பேராசிரியைக்குப் புரிந்தது. கருத்தரங்கு மூன்றாம் மாடியில். கீழே வையுங்கள் என்று அவள் துறைத்தலைவருக்கு இருமுறை கடிதம் எழுதியிருந்தாள். கீழ் அறையில் ஏசி இல்லையாம்.

"நாலு பசங்கள வரச் சொல்லியிருக்கேன் மேடம். அப்படியே நாற்காலியோட தூக்கிடுவாங்க."

"நான் பீரோ இல்ல சார்."

துறைத்தலைவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்: அவள் கீழேயே ஓய்வெடுக்கட்டும், அவளுடைய கட்டுரையை அவர் வாசித்துவிடுவார். அவள் நீட்டுவதற்கு முன்பே மடியிலிருந்த தாள்களை எடுத்துக்கொண்டார். துணைக்கு வந்திருந்த தங்கை சண்டைக்குக் கிளம்ப, அவளை அடக்கி, செல்போனை இணைப்பிலேயே வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காரச் சொல்லி மேலே அனுப்பினாள்.

விக்டோரியா காலத்துப் பெண்களைப் பற்றிய பன்னிரண்டு வருட உழைப்பு அந்தத் தாள்கள். நோயாளிகள் என்று சோபாவில் படுக்க வைக்கப்பட்டவர்கள், எழுதினால் மூளை சூடாகும் என்று பேனா பிடுங்கப்பட்டவர்கள். பாதி எழுதும்போது அவளுடைய கால்களும் முடங்கின. அதன்பிறகுதான் அந்த சோபாக்களின் உயரம் அவளுக்குச் சரியாகத் தெரிந்தது.

போனில் துறைத்தலைவரின் குரல் குழைந்தது. "உடம்பு ஒத்துழைக்காவிட்டாலும் மனம் தளராத நம் சகோதரி." ஒன்பது வருடம் பக்கத்து அறையில் இருந்தவருக்கு இன்றுதான் உறவு முளைத்திருக்கிறது. வாசித்துக்கொண்டே போனார். மனைவியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்குக் கணவனே பதில் சொல்லும் பகுதி வந்ததும், நேரம் கருதி இதை விட்டுவிடுவதாகச் சொல்லித் தாளைப் புரட்டினார். தான் எந்தப் பக்கத்தைத் தாண்டுகிறோம் என்றுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தகுதி வேண்டும். அயோக்கியனாக இருப்பதற்குக்கூட அவருக்குச் சரக்கு போதாது.

"செல்போன மைக்குக்கிட்ட வை," என்றாள் தங்கையிடம்.

கரகரப்பு. யாரோ தடுத்தார்கள், தங்கை ஏதோ சொன்னாள். பிறகு பேராசிரியை பேசப் பேச, அவளுடைய குரலே படிக்கட்டு வழியாக, சற்றுத் தாமதித்து அவளிடம் இறங்கி வந்தது.

"அவர் விட்ட பக்கத்த நான் கீழ உக்காந்து சொல்லப்போறேன். என்னால மேல வர முடியாதுன்னு தெரிஞ்சேதான் அங்க வச்சாங்க. உங்களால இறங்க முடியும். வேணும்னா வாங்க."

இணைப்பைத் துண்டித்தாள். மேலே நாற்காலிகள் இழுபட்டன, செருப்புகள் தடதடத்தன. முதலில் வந்த தங்கை மூச்சிரைக்க அவளருகே தரையில் உட்கார்ந்தாள். பின்னால் வந்த மாணவிகள் படிகளிலேயே நெருக்கியடித்து அமர்ந்தார்கள். அவள் தாளில்லாமல் ஆரம்பித்தாள்.

கடைசியாக வந்த துறைத்தலைவர், படிகள் திரும்பும் இடத்தில், கைப்பிடியைப் பற்றியபடி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரும் நகரவில்லை.