சிறுபாலம் எப்போது வரும்

அமைச்சர் வெட்டவேண்டிய ரிப்பனை காஜா மொய்தீனின் டிவிஎஸ் ஃபிஃப்டி முந்திக்கொண்டு அறுத்துவிட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் அவர். பிடித்தே பார்க்கவில்லை என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த சொக்கம்மாள். கழுத்தில் சுற்றிய ரிப்பனோடு அவர் புது சுங்கச்சாவடிக்குள் போய் நின்றபோது, மேளக்காரர்கள் ஆள் மாறியது தெரியாமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் அவரைப் பந்தல் ஓரம் தள்ளிவிட்டதும் நல்லதற்குத்தான். அவர் தேடிவந்த ஆள் அங்கேதான் இருந்தார்.

உத்திரமேரூருக்கு வரும் அந்தச் சாலையை அரசும் ஒரு கம்பெனியும் கூட்டாகப் போட்டன. கம்பெனி போடும், இருபது வருஷம் சுங்கம் வசூலித்துக்கொள்ளும். சாலை ஆளுயரம் எழும்பியதில் திருப்புலிவனம் பக்கத்து இருளர் குடியிருப்பு பள்ளமாகிப்போனது. ஓடைத் தண்ணீர் சாலைக்கு அடியில் போக ஒரு சிறுபாலம்கூட விடவில்லை. போன ஐப்பசியில் அங்கே குடியிருக்கும் சொக்கம்மாள் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில், அரிசிப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த மழைக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை.

சாலை வந்தால் தன் ஹார்டுவேர் கடைக்குச் சரக்கு வாசலிலேயே இறங்கும் என்று, சர்வேக்காரர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டவர் வார்டு உறுப்பினர் காஜா மொய்தீன். அதே மனிதர் ஒரு வருஷமாகச் சிறுபாலம் கேட்டு அலைந்தார். அரசு அலுவலகத்தில் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள். கம்பெனியில் ஒப்பந்தத்தைக் காட்டினார்கள், தூரத்திலிருந்து. மேடையில் புதுமாப்பிள்ளையும் பெண்ணுமாக ஒட்டி உட்கார்ந்திருக்கும் அமைச்சரும் கம்பெனிக்காரரும், பாலம் என்றதும் முகம் பார்க்காத சம்பந்திகளாகிவிடுவார்கள்.

கம்பெனி இன்ஜினியர் ஜீவா பந்தக்கால் அருகே நின்றிருந்தார். காஜா மொய்தீன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். கடையில் ஆணியைத் திருப்பிக் கொடுப்பவனிடம்கூடக் குரலை உயர்த்தாதவர். அந்தக் கை யாருடையது என்று அவருக்கே சந்தேகம்.

"இன்னா நைனா, ஒரு வருசமா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க. பாலம் வருமா, வராதா? அத்த மட்டும் சொல்லு. ப்ராசஸ்ல கீதுன்னு சொன்னே, இந்த ரிப்பனாலயே கட்டிப் போட்டுடுவேன்."

ஜீவா மேடையைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சொக்கம்மாளைப் பார்த்தார். சட்டையிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"வராது பாய். மொதல் பிளான்ல இருந்துச்சி. செலவைக் குறைக்க எடுத்துடலாம்னு கம்பெனி கேட்டுது, கவர்மென்ட்டும் சரின்னிச்சி. ரெண்டு பேருக்கும் ஓடை செத்துப்போச்சின்னு ஊர்க்காரர் ஒருத்தர் எழுதித் தரணும், அவ்ளோதான். சர்வேக்காரங்க சித்திரை வெயில்ல வந்து கேட்டப்ப, பத்து வருசமா பொட்டுத் தண்ணி போவலன்னு எழுதிக் கொடுத்தது நீங்கதான்."