கடை நம்பருக்கு வந்த ரிப்போர்ட்

மத்தியானம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி தீபிகா கூடத்துக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில் மாமியார் சண்முகவடிவு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் கொழுந்தன் சிதம்பரநாதன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். தாளின் மூலையில் இருந்த பச்சை முத்திரையைப் பார்த்ததுமே தீபிகாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன் ஆழ்வார்பேட்டையில் அவளுக்கு ரத்தம் எடுத்தார்களே, அந்த லேபின் முத்திரை.

"மதினி, ஒங்களுக்கு பேப்பர் வந்துச்சி. நாந்தான் கடையில பிரிண்ட் போட்டேன். ரெண்டு காப்பி," என்றான் சிதம்பரநாதன், வாயில் சோற்றோடு.

தப்பு யாருடையது என்று கேட்டால் தீபிகாவுடையதுதான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. இந்த வீட்டில் எதற்கும் கடை நம்பரைத்தான் கொடுப்பார்கள். தி. நகரில் மாமனார் மேட்சிங் பிளவுஸ் கடை தொடங்கிய காலத்தில் வாங்கிய நம்பர் அது. ராசியான நம்பராம். காஸ் சிலிண்டரா, ரேஷன் கார்டா, கல்யாணப் பத்திரிகையா, எல்லாவற்றிலும் அதுதான். மாமனார் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகியும் அந்த போனுக்குத் தினமும் சந்தனப்பொட்டு வைக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லேபில் நீட்டிய படிவத்தில், ஆறு வருஷ மருமகளின் கை தன்பாட்டுக்கு அந்தப் பத்து எண்களையும் எழுதிவிட்டது. எழுதியது அவளுக்கு நினைவுகூட இல்லை.

கடை போனில் எது வந்தாலும் அச்செடுப்பது சிதம்பரநாதனின் வேலை. தையல்காரர்கள் அனுப்பும் அளவுச்சீட்டு, சேலைக்காரிகள் அனுப்பும் கலர் போட்டோ, எதுவானாலும் இரண்டு பிரதி எடுப்பான். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. அது அப்பா போட்ட சட்டம், மாற்ற முடியாது. அவனுக்கு முப்பத்திமூன்று வயது. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் சுத்தம். பிடிவாதமும் அதே அளவு. கேரம் ஆடினால் கூசாமல் காயை நகர்த்திவைப்பான். கையும் களவுமாகப் பிடித்தால் போர்டையே தட்டிவிட்டு எழுந்துபோவான்.

தீபிகாவுக்கு முப்பத்தாறு. ஒரு கர்ப்பம் தங்காமல் போய், இது இரண்டாவது. வயதைப் பார்த்த டாக்டர், "அம்மா ரத்தத்துலயே குழந்தையோட குரோமோசோம் பத்தித் தெரிஞ்சுக்கலாம். ஊசி வயித்துக்குப் போகாது, பயம் வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்தார். ஆணா பெண்ணா என்று கேட்கமாட்டேன் என்று வேறு ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அதையா அவள் கேட்டாள்? "அம்மாகிட்ட மூச்சு விடாத," என்றான் கணவன் ஹரி. எப்படி விடுவது? உங்கள் சின்ன மகனைப் போல ஒன்று என் வயிற்றில் வந்துவிடக் கூடாதென்று பார்க்கப் போகிறோம் அத்தை, என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அவன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து அப்பளம் கேட்கும்போது.

சிதம்பரநாதன் கையைக் கழுவிக்கொண்டு டிவி அறைக்குப் போகும்வரை சண்முகவடிவு காத்திருந்தாள். பிறகு தாளை இவள் பக்கம் நகர்த்தினாள். மூன்று வரிகளில் இரண்டு பச்சையாக இருந்தன. ஒன்று சிவப்பு. சிவப்பில் இருபத்தொன்று என்ற எண். பக்கத்தில் ஹை ரிஸ்க்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. இந்த இருபத்தொண்ண நல்லாத் தெரியும்," என்றாள் மாமியார். "இவன் பொறந்து மூணாம் மாசம் எழும்பூர் ஆஸ்பத்திரில எழுதிக் குடுத்தாவ. பீரோவுல இன்னமும் இருக்கு அந்தச் சீட்டு."

தீபிகா உட்கார்ந்தாள். "இது முடிவு இல்ல அத்தை. இருக்கலாம்னுதான் சொல்லுது. பதினாறாவது வாரம் வயித்துல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும். இப்பத்தான் பன்னண்டு ஆகுது. உங்ககிட்ட மறைக்கணும்னு இல்ல, உங்க மனசு..."

அவள் பத்து நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவைத்திருந்த வாக்கியங்கள் இவை. மாமியார் அழுவாள், ஏசுவாள், என் பிள்ளையிடம் என்ன குறை கண்டாய் என்று கேட்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். கொஞ்சம் ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். இந்த வீட்டில் எப்படிப் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான் என்று ஒருத்தி கத்தினால், அந்தக் கத்தலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமே.

"கலைச்சிருட்டி," என்றாள் சண்முகவடிவு.

"அத்தை! நீங்களா சொல்றீங்க?"

"நாந்தான் சொல்லணும். வேற எவளுக்கு அதச் சொல்ல யோக்கியத இருக்கு?" குரலை உயர்த்தவே இல்லை. மேசையில் சிந்தியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "எனக்கு அறுவத்தெட்டு ஆவுது. எனக்குப் பொறவு இவன ஆரு பாப்பா? ஒன்னத்தான நம்பியிருக்கேன். பொண்ணு பாக்க கொட்டிவாக்கம் வந்தமே, அன்னைக்கு இவன் ஒன் பட்டுச்சேலையில காப்பியக் கொட்டினான். நீ மொகஞ் சுளிக்கல. அவங்கையத்தான் மொதல்ல தொடச்சிவிட்ட. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்ன பதினோரு பொண்ணு பாத்தோம். எல்லாத்துலயும் இவனக் கூட்டிட்டுத்தான் போனேன்."

அந்தக் காப்பிக் கதையை ஆறு வருஷமாகத் தீபிகாவே எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். தன் எம்.காம். படிப்பும், நீளமான பின்னலும், அப்பாவின் நல்ல பெயரும்தான் தன்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தன என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, பைத்தியக்காரி.

"ஒருத்தன ஒங்கையில ஒப்படச்சிட்டுப் போகணும். ரெண்டு பேர ஒன்னால தூக்க முடியாது தாயி. நான் ஒருத்தனத் தூக்கினவ, சொல்லுதேன்."

தீபிகா எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹரிக்கு போன் செய்தாள். பின்னால் யாரோ ஒரு பெண், இந்தக் கலர் இல்லை, இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"ரிப்போர்ட்டப் பாத்தேன். கடைக் காப்பிய டிராயருக்குள்ள வெச்சிட்டேன்," என்றான் ஹரி. "அம்மா பேசுனாங்களா?"

"பேசுனாங்க. பொண்ணு பாக்க எதுக்குத் தம்பியக் கூட்டிட்டு வந்தீங்க? உங்களுக்குத் தெரியுமா?"

அளவுகோல் கண்ணாடி மேசையில் விழும் சத்தம் கேட்டது.

"தீபி, அம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல... கூட்டமா இருக்கு. வந்து பேசுறேனே."

போனைக் கட்டிலில் போட்டாள். இந்தக் குழந்தை வேண்டும் என்று சொன்னால், இவர்கள் ஆறு வருஷமாகப் போட்டுவைத்த கணக்கைக் கெடுத்தவள் ஆவாள். வேண்டாம் என்று சொன்னால், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிற அந்தப் பிள்ளை பிறந்திருக்கவே கூடாது என்று அவளே தீர்ப்பெழுதியது போலாகும். அவளுக்கு அவனைப் பிடிக்கும். சத்தியமாகப் பிடிக்கும். வயிற்றில் இருப்பதும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல இந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. தன் அம்மாவிடம் போய்விடலாம் என்றால், "அவங்க வீட்டுல முடிவு பண்ணட்டும்" என்பாள் அம்மா. மந்தைவெளி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று போகும் சத்தம் ஜன்னலில் கேட்டது. அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நாலு வாரம் குடுங்க அத்தை. ஊசி போட்டுப் பாத்துடலாம். அதுவரைக்கும் பொறுங்க. வேற எதுவும் கேக்கல."

சண்முகவடிவு மருமகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. அதுதான் தீபிகாவுக்குத் தாங்கவில்லை.

"நாலு வாரத்துல அது அசையும்ட்டி. அசைஞ்சப் பொறவு ஒன்னால ஆவாது. எனக்குத் தெரியாதா?"

டிவி அறையிலிருந்து சிதம்பரநாதன் வந்தான். ஒரு கையில் பழைய செய்தித்தாள், இன்னொரு கையில் நகவெட்டி. "அம்மா, இன்னைக்கி புதன். நகம்."

நாற்காலிக்கு முன்னால் செய்தித்தாளை விரித்து, சுருக்கம் நீவி, சப்பணமிட்டு உட்கார்ந்தான். இதில் மட்டும் அவன் அம்மாவைத் தவிர வேறு யாரையும் கிட்டே அண்டவிட்டதில்லை. ஒருமுறை ஹரி முயன்றதற்குக் கையைக் கடித்துவைத்தான். சண்முகவடிவு நகவெட்டியை வாங்கினாள். வாங்கி, தீபிகாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இனிமே மதினிதான் வெட்டுவா."

"அம்மாதான் வெட்டணும்," என்றான் அவன்.

"மதினி நல்லா வெட்டுவா. வெளக்கு வெக்கதுக்குள்ள முடிங்க." சொல்லிவிட்டுத் துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போனாள். அங்கே கொடியில் ஒரு துண்டுகூட இல்லை.

அவன் தீபிகாவைச் சந்தேகத்தோடு பார்த்தான். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, இடது கையை நீட்டினான். குட்டையான, மெத்தென்ற விரல்கள். உள்ளங்கையின் குறுக்கே ஒரே ஒரு ரேகை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடியது.

"ரத்தம் வரக் கூடாது மதினி."

"வராது தம்பி."

கண்களை இறுக்க மூடிக்கொண்டான். அவள் சுண்டுவிரலைப் பிடித்து வெட்டினாள். அவன் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டு, அடங்கியது. இரண்டாவது விரல். மூன்றாவது. கட்டைவிரல் வந்தபோது அவன் மூச்சு சீராகிவிட்டிருந்தது. இடது கையை முடித்துவிட்டு அவள் விடப் போனாள். அவன் விடவில்லை. கண்ணைத் திறக்காமலேயே, வலது கையையும் கொண்டுவந்து, அவள் வயிற்றோடு ஒட்டினாற்போல மடியில் வைத்தான்.